ஆக்லாந்துக் குல்லா

அன்புள்ள மாமா,



போன வார இறுதியில் ஆக்லாந்திலிருந்து என் சிநேகிதன் குடும்பத்தோடு வந்திருந்தான். அவனை உங்களுக்குத் தெரியும். காலேஜ் லீவில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தேர் பார்க்க வருகிறேன் என்று வந்து, தேரடிப் பக்கமே போகாமல் பால்கோவாக் கடை வாசலில் நின்றானே, அவனேதான். இப்போது நியூசிலாந்துப் பிரஜை. தொப்பை முதலில் வீட்டுக்குள் வருகிறது, அவன் பின்னால் வருகிறான்.

வந்தவன் எனக்கு ஒரு குல்லாவும் ஒரு ஜோடிக் கையுறையும் கொடுத்தான். லேசென்றால் அப்படி ஒரு லேசு, ஆனால் நல்ல கதகதப்பு. “செம்மறி ரோமத்தோடு போசம் ரோமத்தைக் கலந்து நெய்தது. எங்க ஊர் விசேஷம்” என்றான். இது என் மகள் காதில் விழுந்ததுதான் வினை.

போசம் என்றால் என்னவென்று கேட்பீர்கள். நம் பழைய வீட்டு மச்சில் ராத்திரி மரநாய் ஓடுமே, கிட்டத்தட்ட அந்த அளவு, அதே சத்தம். ஆனால் இது கங்காரு ஜாதி, வயிற்றில் பை உண்டு. பிறக்கும்போது குட்டி ஒரு அவரை விதைக்குமேல் இருக்காது. நாலைந்து மாதம் பைக்குள் வளர்ந்துவிட்டு, அப்புறம் தாய் முதுகில் சவாரி. எங்கள் கூரைக்குள்ளும் ஒன்று குடியிருக்கிறது. விரட்ட முடியாது. ஆஸ்திரேலியாவின் சொந்தப் பிராணி, சட்டப் பாதுகாப்பு உண்டு. பிடிப்பதானால் லைசென்ஸ் வேண்டும். பிடித்தாலும் தூரத்தில் கொண்டுபோய் விடக்கூடாது, வீட்டுக்குப் பக்கத்திலேயே விடவேண்டும். அன்று ராத்திரியே அது தன் வீட்டுக்குத் திரும்பிவிடும். வீட்டுக் கடன் கட்டுவது நான், அனுபவ பாத்தியதை அதற்கு.

வெள்ளிக்கிழமை ராத்திரி கூரையில் தடதடவென்று சத்தம் கேட்டதும், விருந்தாளி விளக்குமாற்றோடு ஹாலுக்கு வந்துவிட்டான். என் மகள் குறுக்கே நின்று, “அங்கிள், உங்க ஊர்ல போசத்தைக் கொல்லுவீங்களா?” என்றாள். அவன் சும்மா இருந்திருக்கலாம். எட்டு வயசுப் பெண்ணுக்குப் புள்ளிவிவரம் சொல்ல உட்கார்ந்தான். தோல் வியாபாரத்துக்காக 1837-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து நியூசிலாந்துக்கு முதன்முதலில் கொண்டுபோனார்களாம். 1980-களில் அது ஆறேழு கோடியாகப் பெருகிவிட்டதென்று ஒரு மதிப்பீடு. அந்த நாட்டு ஜனத்தொகையோ அப்போது முப்பது லட்சம் சொச்சம். காட்டு மரங்களை மொட்டையடிக்கிறது, பறவை முட்டைகளைத் தின்கிறது, மாடுகளுக்குக் காசநோயைப் பரப்புகிறது. 2050-க்குள் ஒன்றுகூட மிஞ்சக்கூடாது என்று 2016-இல் அரசாங்கமே அறிவித்துவிட்டது. சில கிராமத்துப் பள்ளிகளில் நிதி திரட்டுவதற்கே போசம் வேட்டை நடக்கிறதாம். இத்தனையும் கேட்டுவிட்டு அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். மறுநாள் காலை அவனுக்கு இட்லி வைத்தவள், சட்னியைத் தள்ளிவைத்துவிட்டுப் போனாள்.

எனக்கென்னவோ போசத்தின் மேல் பரிதாபம்தான் வந்தது. அது கேட்டா கப்பல் ஏறியது? போன இடத்தில் டிங்கோ நாய் கிடையாது, இலையெல்லாம் ருசி, சாப்பிட்டது, பெருகியது. வெளிநாடு போய் நன்றாக இருந்ததுதான் அது செய்த குற்றம் என்றேன். “இதை நாம ரெண்டு பேரும் சத்தமாப் பேச வேண்டாம்டா” என்றான் அவன்.

சனிக்கிழமை ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போனோம். சிட்னிக்குத் தெற்கே, காட்டுப் பகுதியை ஒட்டியது. சன்னதியில் சற்று நேரம், கான்டீனில் வெகு நேரம். அப்புறம் கடலுக்குமேல் 665 மீட்டர் நீளத்துக்கு வளைந்து போகும் பாலம் ஒன்று இருக்கிறது, அதன்மேல் நடந்தோம். படம் அனுப்பியிருக்கிறேன்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. ஆகஸ்டு இங்கே குளிர்காலம், ஆறு மணிக்கே கும்மிருட்டு. காரை ஓட்டியவன் அவன். காட்டுப் பாதையில் திடீரென்று பிரேக் போட்டான். ஓரத்தில் ஒரு போசம் அடிபட்டுச் செத்துக் கிடந்தது. “போயிடலாம்” என்றேன். “ஏதோ அசையுதுடா” என்று சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டான். மொபைல் வெளிச்சத்தில் பார்த்தால், செத்துப்போன தாயின் முதுகு ரோமத்தை ஒரு குட்டி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கை முஷ்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. முகம் முழுக்கக் கண்.

காட்டுப் பிராணிகளுக்கென்று இங்கே ‘வயர்ஸ்’ என்ற தொண்டு அமைப்பு இருக்கிறது. போன் செய்தேன். எடுத்த பெண்மணி நிதானமாகக் கேட்டார்: பைக்குள் வேறு குட்டி இருக்கிறதா? இருந்து, பால் காம்பைப் பிடித்திருந்தால் இழுக்கவே கூடாது, தாயோடு சேர்த்துத்தான் எடுத்து வரவேண்டும். ஆக, பெருமாளைச் சேவித்துவிட்டு வந்த பட்டு வேட்டியோடு, ஆக்லாந்துக்காரன் ரோட்டோரம் மண்டியிட்டுப் போசத்தின் பையைச் சோதித்தான். பை காலி. சரி, முதுகில் இருப்பதை மெதுவாக எடுத்துத் துணியில் சுற்றுங்கள், சூடு வேண்டும், இருட்டு வேண்டும், அமைதி வேண்டும் என்றார். சாப்பாடு எதுவும் தரக்கூடாது, பசும்பால் கூடவே கூடாது, அதற்குச் செரிக்காது. பிரசாதப் பொங்கலைப் பிரித்துவிட்ட சிநேகிதன் மனைவி திரும்பக் கட்டிவைத்தாள்.

சூடான துணிக்கு எங்கே போவது? எல்லோருடைய பார்வையும் என் தலைமேல் விழுந்தது. குல்லாவைக் கழற்றிக் கொடுத்தேன். குட்டி ஒருமுறை மோந்து பார்த்தது. கடல் கடந்துபோன சொந்தக்காரர்களின் வாசனை அடித்ததோ என்னவோ, தலையை உள்ளே விட்டுச் சுருண்டுகொண்டது. குல்லாவைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு என் சிநேகிதன் பின் சீட்டுக்கு வந்துவிட்டான். நான் ஓட்டினேன். இருட்டும் சூடும் கிடைத்தன. அமைதிக்குத்தான் வழியில்லை. யாராவது தும்மினாலும் “ஷ்ஷ்” என்று அதட்டிக்கொண்டே வந்தவன் அவன்தான். என் மகள் அவன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தாள். சட்னி விஷயம் முடிந்தது.

அவர்கள் சொன்ன முகவரியில் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருந்தார். பயிற்சி எடுத்தவர்களிடம்தான் இந்த வேலையை ஒப்படைக்கிறார்கள், சம்பளம் கிடையாது. அவர் வீட்டில் கதவுக் குமிழ் ஒவ்வொன்றிலும் துணிப்பை தொங்குகிறது, பைக்கு ஒரு ஜீவன். எடை பார்த்தார், கால்களை நீவிப் பார்த்தார், தேறிவிடும் என்றார். மனிதர் வாசனை பழகக்கூடாதாம், ஆகவே வந்து பார்க்க அனுமதி இல்லை. வளர்ந்ததும் எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே விடுவார்கள். பழகிவிட்டது, இருக்கட்டும் என்று குல்லாவை அவரே வைத்துக்கொண்டார். எதில் செய்தது என்று கேட்டார். ஆக்லாந்துக்காரன் “கம்பளி” என்று மட்டும் சொன்னான்.

ஊர் திரும்பியதிலிருந்து தினமும் போன் செய்து, “என்னடா சொன்னாங்க?” என்று கேட்கிறான். அங்கே ஆபீசில் இதை யாரிடமும் சொல்லவில்லையாம், மானம் போய்விடுமாம்.

நீங்களும் அத்தையும் அடுத்த மாதம் பத்ரிநாத் போகிறீர்கள் என்று அம்மா சொன்னாள். அங்கே குளிர் கடுமையாக இருக்கும். அந்தக் கையுறையை இன்றே பார்சலில் அனுப்பியிருக்கிறேன், அத்தைக்குச் சரியாக இருக்கும். பட்டுப்பூச்சி சாகிறதென்று பட்டே உடுத்தாதவர் அவர். ஆகையால் மாமா, கேட்டால் நீங்களும் கம்பளி என்றே சொல்லிவிடுங்கள். கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்