விற்க மனமில்லாத வியாபாரி

இங்கிலாந்தில் வேட்டைக்கு ஒரு ஸ்பானியல் குட்டி வாங்கப் போகிறவர், நாயைப் பார்க்கத்தான் போகிறோம் என்று நம்பிப் போவார். பார்க்கப்படப் போவது தாம்தான் என்பது வாசற்படியில் தெரியும்.

நல்ல பெயரெடுத்த வளர்ப்பாளர், பெண் கொடுக்கும் மாமனாரின் தோரணையில் ஆரம்பிப்பார். "வேட்டைக்குப் போவீரா, சோபாவுக்கா? தோட்டத்துக்கு வேலி உண்டா? பகலில் வீட்டில் யார்?" "பார்க்க அழகாயிருக்கே என்று..." என வாயெடுத்தவர் தேநீர்கூடக் குடிக்காமல் திரும்ப வேண்டியதுதான். கண்காட்சி ஸ்பானியல் என்றாலே அவருக்கு ஆகாது. காது முடியைச் சீவிக்கொண்டு திரிகிற சோம்பேறிகளாம். அவர் வளர்ப்பதெல்லாம் முட்புதருக்குள் பாய்ந்து பெசன்ட் பறவையைக் கிளப்பிவிட்டு, சுட்டு விழுந்ததைப் பல் படாமல் கவ்விவருகிற வம்சம்.

அடுத்து குட்டி வரும் என்று பார்த்தால் கோப்பு வரும். வம்சாவளித் தாளில் களப்போட்டிச் சாம்பியன்களின் பெயர்கள் சிவப்பில் பளிச்சிடும். நாயின் கொள்ளுத்தாத்தா வரைக்கும் மனப்பாடமாகச் சொல்வார். சொந்தக் கொள்ளுத்தாத்தா பெயரைக் கேட்டால் சற்று யோசிப்பார். பிறகு கண் பரிசோதனைச் சான்று, மரபணுச் சோதனை முடிவு, இடுப்பு எக்ஸ்ரே. இடுப்புக்கு 0 முதல் 106 வரை மதிப்பெண்; குறையக் குறைய நல்லது. மதிப்பெண் குறைந்ததை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படும் பெற்றோரை வேறெங்கே பார்ப்பது?

இவருக்கு நேர் எதிர் ஒருவர் உண்டு. தங்கமான மனிதர். ஒரு கேள்வி கேட்கமாட்டார். நெடுஞ்சாலை ஓரத்துக் கார் நிறுத்துமிடத்துக்கே குட்டியைக் கொண்டுவந்து தருவார், பணம் மட்டும் ரொக்கமாக. தாய் எங்கே என்றால், இப்போதுதான் உலாவப் போயிருக்கிறது என்பார். ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியை இடைத்தரகர் விற்கக் கூடாதென்று 2020இல் சட்டமே வந்தும், அந்தத் தாய் இன்னும் உலாவி முடிக்கவில்லை.

நம்மவரோ தாயைக் காட்டித்தான் குட்டியைக் காட்டுவார். எட்டு வாரம் ஆகாமல் அனுப்பமாட்டார். பரீட்சையில் தேறினாலும் உடனே கிடைக்காது. காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறும், தாய் இனிமேல்தான் சினையாக வேண்டும். கடைசியில் ஓர் ஒப்பந்தம். வைத்துக்கொள்ள முடியாமற்போனால், எத்தனை வயதானாலும் நாயை அவரிடமே திருப்பித் தர வேண்டும். மற்ற நிபந்தனைகளைக் கடுகடுவென்று படித்துக்கொண்டு போகிறவர், அந்த வரி வந்ததும் நிறுத்தி, வாங்க வந்தவரை ஆசையோடு ஒருமுறை பார்ப்பார்.