பிரீசெட்காரர்

பிரீசெட்காரர் கிட்டார் வாசிப்பவர்களுள் ஒரு வகையினர். ஆனால் கிட்டார் வாசிக்கும் நிலையில் இவரைப் பார்ப்பது அரிது. பெரும்பாலும் ஆம்ப் மாடலர் என்னும் பெட்டியின் முன் குனிந்த நிலையில்தான் காணலாம். வால்வு ஆம்ப், அதற்கு முன்னால் மிதிக்கும் பெடல்கள், பின்னால் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி, அதன் முன் நிறுத்தும் மைக் ஆகிய எல்லாவற்றையும் கணக்காக மாற்றித் தனக்குள் அடக்கியிருக்கும் பெட்டி அது. ஓர் ஒலிக்கு வேண்டிய அமைப்புகளை எல்லாம் ஒரே பெயரில் சேமித்து வைத்தால் அது பிரீசெட். சேமித்ததை எடுத்து வாசிப்பவர் கிட்டார் கலைஞர். சேமித்ததை அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டுபவர் பிரீசெட்காரர்.

இந்த இனம் தோன்றச் சில பத்தாண்டுகள் பிடித்தன. 1981இல் வந்த மார்ஷல் ஜேசிஎம் 800 ஆம்பின் முகப்பில் ஆறே குமிழ்கள். ஆறையும் முழுக்கத் திருகிவிட்டால் வாசிப்பவர் அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. யோசிக்க வேண்டியவர்கள் பக்கத்து வீட்டார். அடுத்த ஆண்டே, பாஸ்டன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞரும் எம்.ஐ.டி.யில் படித்த பொறியாளருமான டாம் ஷோல்ஸ், ஹெட்போனில் கேட்கும் ராக்மேன் என்ற சிறுபெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்து பக்கத்து வீட்டாரைக் காப்பாற்றினார். 1998இல் லைன் 6 நிறுவனத்தின் சிவப்புநிற பாட், 2006இல் ஃபிராக்டல் ஆடியோவின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2015இல் மறுபடி லைன் 6 தந்த ஹீலிக்ஸ், 2021இல் ஹெல்சிங்கியிலிருந்து குவாட் கார்டெக்ஸ் என்று பெட்டிகள் வளர வளர, திருகுவதற்கு உரியவையும் பெருகின. எடி வேன் ஹேலன் தம் மார்ஷலுக்குப் போகும் மின்னழுத்தத்தை வேரியாக் கருவியால் குறைத்து வாசித்தது கிட்டார் உலகின் புராணங்களுள் ஒன்று. இன்று சில பெட்டிகளில் அந்த வேரியாக்கும் திரையில் ஓர் எண். ஷாக் அடிக்கும் அபாயமின்றி யாரும் குறைத்துப் பார்க்கலாம்.

ஹீலிக்ஸில் பிரீசெட் சேமிக்க 1,024 இடங்கள் உண்டு. மேடையில் ஓர் இரவுக்கு வேண்டியவை நான்கு: தெளிவான ஒலி, லேசாகக் கரகரக்கும் ஒலி, முழுக்கக் கரகரக்கும் ஒலி, சோலோவுக்கு அதே ஒலி கொஞ்சம் உரக்க. மீதி 1,020 இடங்களில்தான் பிரீசெட்காரர் குடியிருக்கிறார்.

மறுகட்டுமானத்துக்கு முகூர்த்தம் குறிப்பது பெரும்பாலும் ஃபர்ம்வேர் அப்டேட். 2022 நவம்பரில் ஹீலிக்ஸுக்கு வந்த 3.50 பதிப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் ஸ்பீக்கர் பெட்டிகள் புதிதாக வந்தன. மைக்கைத் திரையிலேயே நகர்த்தும் வசதியும் வந்தது. பழைய ஸ்பீக்கர் பெட்டிகளை நிறுவனம் நீக்காமல் தனிப் பட்டியலில் வைத்திருந்ததால், ஏற்கெனவே சேமித்த பிரீசெட்டுகள் முந்தின நாள் ஒலித்தபடியே ஒலித்தன. பிரீசெட்காரரை வருத்தியது இதுதான். எதுவும் கெட்டுப்போகவில்லை என்பதை இவரால் தாங்கிக்கொள்ள முடிவதில்லை.

அப்டேட் வராத மாதங்களில் வேறு காரணம் கிடைக்கும். கிட்டாருக்குப் புது பிக்கப் மாட்டியிருப்பார். அல்லது, நேற்றிரவு நன்றாக இருந்த ஒலி இன்று காலை பிடிக்காமல் போயிருக்கும். இதற்கு உடலியல் விளக்கம் உண்டு. மணிக்கணக்கில் ஒரே ஒலியைக் கேட்கும் காது சோர்ந்து, கூர்மையான ஒலிகளை உணர்வது குறையும். குறையக் குறைய இவர் ட்ரெபிளைக் கூட்டிக்கொண்டே போவார். காலையில் தூங்கித் தெளிந்த காது அத்தனையையும் ஒரே மூச்சில் கேட்கிறது.

கட்டுமானம் சடங்கின் ஒழுங்கோடு நடக்கும். முதலில் எல்லாவற்றுக்கும் பேக்கப் எடுப்பார், பிறகு அழிப்பார். துறவு பூணுகிறவர் வீட்டுச் சாவியை மட்டும் இடுப்பில் முடிந்துகொள்வது போன்றது இது. திரையில் வெறும் கோடு ஒன்று மிஞ்சும். அந்தக் கோட்டில் முதலில் இரைச்சலை அடைக்கும் கேட். அடுத்து ஐபனீஸ் டியூப் ஸ்கிரீமர் பெடலின் நகல். அதன் டிரைவ் பூஜ்யத்திலும் லெவல் உச்சத்திலும் இருக்கும். கரகரப்புக்கென்றே செய்த பெடலில் கரகரப்பை மூடிவைப்பது வெளியாருக்கு விளங்காது. அந்தப் பெடல் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து நடுப்பகுதியைத் தூக்கும் இயல்புடையது. அப்படி ஒல்லியாக்கி ஆம்புக்குள் அனுப்பினால், எவ்வளவு கனத்த கரகரப்பிலும் தந்திகள் குழம்பாமல் கேட்கும். இது இவர் சரியாகச் செய்யும் காரியம். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுவதால் இவருக்கு இதில் அவ்வளவு ஈடுபாடில்லை.

பிறகு ஆம்ப். வணிக முத்திரைச் சிக்கலைத் தவிர்க்க ஹீலிக்ஸில் ஆம்புகள் மாறுவேடத்தில் நடமாடும். மார்ஷலுக்குப் பெயர் பிரிட். வாக்ஸ் ஏசி30க்கு எஸெக்ஸ். போக்னர் நிறுவனத்தின் ஷிவாவுக்கு ஜெர்மன் மகாதேவா. வேடம் கட்டியவருக்கு நாமாவளி கொஞ்சம் தெரிந்திருக்கிறது. பிரீசெட்காரர் அசல் பெயர்களை மட்டுமே உச்சரிப்பார், அந்த ஆம்புகளில் ஒன்றையும் தொட்டிராவிட்டாலும்.

காலம் கரையும் இடம் ஸ்பீக்கர் பெட்டியும் மைக்கும். ஒரு குறிப்பிட்ட பெட்டியின் ஒலித்தன்மையை, குறிப்பிட்ட இடத்தில் நின்ற குறிப்பிட்ட மைக் கேட்டபடி பதிந்துவைத்த கோப்புக்கு இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், சுருக்கமாக ஐ.ஆர்., என்று பெயர். 48,000 ஹெர்ட்ஸில் 2,048 மாதிரிகள் கொண்ட ஐ.ஆர். ஒன்றின் நீளம் 43 மில்லிநொடிக்கும் குறைவு. அதைத் தேர்ந்தெடுப்பதற்குள் ஒரு சனி, ஞாயிறு போய்விடும். மெனக்கெடுவதில் நியாயமும் இல்லாமல் இல்லை. 1965 முதல் புழக்கத்தில் இருக்கும் ஷூர் எஸ்எம்57 மைக்கை ஸ்பீக்கரின் நட்டநடுவில் நிறுத்தினால் ஒலி குத்தும். ஓரத்தை நோக்கி ஓர் அங்குலம் நகர்த்தினால் அடங்கும். ஆம்பையே மாற்றினாலும் பல நேரம் இந்த ஓர் அங்குலத்தின் வித்தியாசம் கிடைக்காது. இதைக் கண்டுகொண்டவர் அங்கேயே நிறுத்தலாம். இவரோ துணைக்கு ஒரு ரிப்பன் மைக்கையும் கொண்டுவருவார். இரண்டு மைக்குகளும் ஸ்பீக்கரிலிருந்து வெவ்வேறு தூரத்தில் நின்றால் ஒலி அலைகள் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், கிட்டாருக்கு மூக்கடைத்துக்கொள்ளும். அதைத் தீர்க்க, ஒலியின் பகுதிகளை ஏற்றி இறக்கும் ஓர் ஈக்யூ, அந்த ஈக்யூ செய்த கெடுதலைத் தீர்க்க இன்னோர் ஈக்யூ. கடைசியில் பெட்டியின் கணக்கிடும் திறன் தீர்ந்து, இனி எதுவும் சேர்க்க இயலாது என்று திரை கையை விரிக்கும். பிரீசெட்காரரை நிறுத்த வல்ல அதிகாரம் இது ஒன்றே.

இவர் தேடுவது பெரும்பாலும் ஏதோ ஓர் இசைத்தட்டில் கேட்ட ஒலி. அந்தத் தட்டில் கிட்டாரின் கனம் என்று இவர் நம்புவதில் பெரும்பங்கு பேஸ் கிட்டாருடையது. வழக்கமான சுருதியில் கிட்டாரின் ஆகத் தாழ்ந்த தந்தி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. பேஸ் கிட்டாருடையது 41இல். பேஸ் கிட்டார்காரரிடம் இருப்பதைத் தம் பெட்டியில் தேடுவதால் தேடல் முடிவதில்லை.

சோதனைக்கு இவர் வாசிப்பது எப்போதும் ஒரே துணுக்கு. வீட்டாருக்கு அது மனப்பாடம். அதற்கு அடுத்து என்ன வரும் என்பது அவர்களுக்குத் தெரியாது. பாடல் அங்கிருந்து நகர்ந்ததே இல்லை. இரண்டு ஒலிகளை மாற்றி மாற்றி வாசித்து எது மேல் என்று கேட்கும்போது, வீட்டார் நேர்மையாகவே ஒன்றைச் சொல்லுவார்கள். ஆனால் மனிதக் காது இரண்டில் சற்று உரத்ததையே சிறந்தது என்று தேர்ந்தெடுக்கும் பழக்கமுடையது. ஆகவே ஒவ்வொரு தேர்தலிலும் உரத்த வேட்பாளர் வெல்ல, பிரீசெட்டின் ஒலியளவு மாதந்தோறும் ஏறிவரும்.

இந்த உழைப்பெல்லாம் இரவில், தணிந்த ஒலியில் நடப்பதுதான் சோகம். பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே வெளியிட்ட கண்டுபிடிப்பு இது: ஒலி தணியும்போது காது தாழ்ந்த ஒலிகளையும் மிகக் கூர்மையான ஒலிகளையும் நடுப்பகுதியைவிடக் குறைவாகவே உணரும். ஆகவே படுக்கையறையில் இவர் பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி நடுப்பகுதியைக் குடைந்தெடுப்பார். தனியாகக் கேட்க அது பிரமாதமாக இருக்கும். மேடையின் உரத்த ஒலியில் ஏற்றிய பேஸ் முழங்கும், ஏற்றிய ட்ரெபிள் காதைக் கிழிக்கும். கிட்டாரின் உண்மையான இருப்பிடமான நடுப்பகுதியோ காலியாக இருப்பதால், டிரம்ஸும் பாட்டுக்காரரும் சேர்ந்த கணத்தில் ஆளே காணாமல் போவார். தனியறைக்குத் துணையாக இருக்கட்டும் என்று சேர்த்த ரிவர்பை மண்டபம் தன் பங்குக்கு இரட்டிப்பாக்கும்.

சவுண்ட் இன்ஜினியர் இந்த மனிதர்களை நிறையப் பார்த்தவர். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஒரு பொத்தானில் வெட்டுவார், நடுப்பகுதியைக் கொஞ்சம் தூக்குவார், முகம் மாறாமல் அடுத்த சேனலுக்குப் போவார். நிகழ்ச்சி முடிந்ததும் கிட்டார் ஒலி அருமை என்று யாராவது பாராட்டினால், பிரீசெட்காரர் அதை இரண்டாவது மைக்கின் கணக்கில் வரவு வைப்பார்.

துணைவகைகளும் உண்டு. ஒருவகையினர் எதையும் கட்டுவதில்லை. உண்மையான ஆம்புகளைப் பிரதியெடுக்கும் கெம்ப்பர் போன்ற பெட்டிகளை வைத்துக்கொண்டு, பிறர் எடுத்த பிரதிகளைச் சேகரிப்பதோடு சரி. வேறொரு வகையினர் இரண்டு ஒலிப்பதிவுகளில் ஒன்றைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டி, மிஞ்சும் வித்தியாசத்தை ஆராய்வார்கள். மிஞ்சுவது நிசப்தத்துக்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு மகிழ்ச்சி. இசையில் நிசப்தத்தை இவ்வளவு ஆவலோடு கேட்பவர்கள் வேறில்லை.

பெட்டியைப் பிரீசெட்காரர் என்றாவது விற்பார். விற்பனை விளம்பரத்தில், பல ஆண்டு உழைப்பில் உருவான பிரீசெட்டுகளும் சேர்த்துத் தரப்படும் என்று எழுதுவார். அதற்காக யாரும் ஒரு ரூபாய் கூட்டித் தருவதில்லை. வாங்கியவர் வீட்டுக்குப் போனதும் செய்யும் முதல் வேலை ஃபேக்டரி ரீசெட். விற்ற பணத்தில் இவர் வேறொரு நிறுவனத்தின் பெட்டியை வாங்குவார். ஒரு நிறுவனத்தின் பிரீசெட் இன்னொரு நிறுவனத்தின் பெட்டியில் ஏறாது. கடைக்காரர் இதை ஒரு குறையாகத் தயங்கித் தயங்கிச் சொல்வார். பிரீசெட்காரர் அதைக் கேட்டுத்தான் பணத்தை எண்ணத் தொடங்குவார்.