களிக்கு ஐ.நா. ஒப்புதல்

நல்லம்பள்ளிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். காலங்காலமாகத் தின்ற களியைத் தாராளமாகத் தின்னலாம் என்று 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்து ஐ.நா. சபையே ஒப்புதல் தந்துவிட்டது. வீட்டுக்கு வீடு அரிசியைப் பழக்கிய ரேஷன் கடையும், அதே ஆண்டு, அவர்களுடைய தர்மபுரி மாவட்டத்தில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தந்து மரபை மீட்டது. தொலைக்காமல் எதை மீட்பதாம்?

பெங்களூரில் வேர்களைத் தேடும் பேரன் இன்னும் ஒரு படி மேல். கல்லில் அரைத்த ராகி மாவை ஆன்லைனில் வாங்கி ஆயாவுக்கே அனுப்பிவைத்தான். பொட்டலத்தின் பின்பக்கம் செய்முறை: கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டவும்.

ஆயா முகர்ந்து பார்த்தாள். மாட்டுத் தொட்டியில் கொட்டிக் கலக்கினாள்.

"வண்டே தொடாத மாவு, கண்ணு. மொதல்ல மாடு குடிக்கட்டும், பாப்போம்."