மிஸ்ட் கோலின் தகவல் அளவு: வன்னிப் பெருநிலம் குறித்த ஓர் ஆய்வு

தகவலை அளக்கும் அடிப்படை அலகு பிற்று எனப்படும். சமவாய்ப்புள்ள இரண்டு விடைகளுள் எது சரியானது என்று அறியும்போது கிடைக்கும் தகவலின் அளவே ஒரு பிற்று ஆகும். பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த குளோட் ஷனன் 1948இல் வெளியிட்ட தொடர்பாடலின் கணிதக் கோட்பாடு பற்றிய கட்டுரையில் இவ்வலகை வரையறுத்ததோடு, அதற்குப் பெயர் சூட்டிய பெருமையை ஜோன் டூக்கிக்கு உரியதாக்கினார். கணினிக்குள் அது மின்னழுத்தமாகவும் வன்தட்டில் காந்தத் திசையாகவும் உறைகிறது என்று பாடநூல்கள் கூறுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் அதே அலகு, மணி ஒலித்தவுடன் துண்டிக்கப்படும் கைத்தொலைபேசி அழைப்பாகவும் வழங்கி வருவதை அந்நூல்கள் குறிப்பிடவில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

மிஸ்ட் கோல் என்பது, எதிர்முனையில் உள்ளவர் எடுக்கமாட்டார் என்ற நம்பிக்கையோடு விடப்படும் அழைப்பாகும். எடுக்கப்படாத அழைப்புக்குக் காசு வெட்டப்படுவதில்லை. ஆதலால் கொமினிகேசன் கடையில் போட்ட றீலோட் தீரும் தறுவாயில் உள்ளோரிடையே இது பெருவழக்காக உள்ளது. இதன் சிக்கனத்தை ஒப்பீட்டாலேயே உணரலாம். ‘வந்து சேர்ந்திட்டன்’ என்று தமிழ் எழுத்தில் குறுஞ்செய்தி அனுப்பின், இடைவெளி உட்பட 19 குறியீடுகள், குறியீடொன்றுக்கு 16 பிற்றுகள் என்ற கணக்கில், 304 பிற்றுகளை விழுங்கும். அதையே குரலில் சொல்வதாயின், ஜி.எஸ்.எம். வலையமைப்பின் தொடக்ககாலக் குரற்குறிமுறை செக்கனுக்கு 13,000 பிற்றுகளைக் கேட்கும். மிஸ்ட் கோலோ அச்செய்தியை ஒரே பிற்றில் முடிக்கிறது. அழைப்பை ஏற்படுத்துவதற்காக வலையமைப்பு தனக்குள் பரிமாறிக்கொள்ளும் சமிக்ஞைகள் இக்கணக்கில் சேரா. அவை நிறுவனத்தின் செலவாதலால் பயனரின் கவலைக்கு உரியவை அல்ல.

பொருள் அடிப்படையில் மிஸ்ட் கோல்களை நான்கு வகையாகப் பகுக்கலாம்: வந்து சேர்ந்ததை அறிவிப்பது, படலையடிக்கு வரச் சொல்வது, தோட்டத்துத் தண்ணீர் மோட்டரை நிறுத்தச் சொல்வது, திருப்பி எடுக்கக் கோருவது. நான்காவது வகை பெரும்பாலும் கனடாவை நோக்கிச் செல்வது; வாட்ஸ்அப் பரவிய பின் அருகிவிட்டாலும், டேட்டா முடிந்த நாட்களில் மீண்டும் தலைகாட்டுவது. இங்கே ஒரு முரண் எழுகிறது. நான்கில் ஒன்றைத் தெரிந்துகொள்ள இரண்டு பிற்றுகள் தேவை என்பது கணிதம்; மணி கொண்டுவருவதோ ஒன்றுதான். எஞ்சிய பிற்றை அழைத்தவரின் எண்ணும் நேரமும் ஈடுசெய்கின்றன. விடியற்காலையில் உழவு இயந்திரக்காரரின் எண்ணிலிருந்து வருவது படலையடிக்கு அழைப்பது என்பதை வீட்டார் ஐயமின்றி அறிவர். அதே நேரத்தில் அதே மணி மருமகனின் எண்ணிலிருந்து வரின் அதற்கு வேறு பொருள் கொள்வர்.

தகவலின் அளவு எதிர்பாராமையைப் பொறுத்தது என்பது ஷனனின் மற்றொரு முடிபு. வவுனியாவில் பஸ் ஏறி மாங்குளத்தில் இறங்கி, ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு செல்லும் ஒருவர், பத்துப் பயணங்களில் ஒன்பதில் தவறாது மிஸ்ட் கோல் விடுபவர் என்று கொள்வோம். அவரது அழைப்பு வரும்போது கிடைக்கும் தகவல் 0.15 பிற்று மட்டுமே. வராதபோது கிடைப்பதோ 3.32 பிற்றுகள். வந்த அழைப்பைத் திரும்பியும் பாராத தாய், வராத அழைப்புக்காக வாசலில் நிற்பது பாசத்தால் மட்டுமன்று, மடக்கைக் கணிதத்தாலும் என்பது இதனால் பெறப்படும்.

மணிகளின் எண்ணிக்கையால் கூடுதல் பிற்றுகளை ஏற்றும் முயற்சிகளும் உள்ளன. ஒரு மணி வந்தால் ஓம், இரண்டு மணி வந்தால் இல்லை என்பது போன்ற உடன்படிக்கைகள் இவ்வகையின. ஆயினும் அழைப்பவரின் காதில் ஒலிக்கும் மணியும் எதிர்முனையில் ஒலிக்கும் மணியும் ஒன்றல்ல. அவை தனித்தனியே உண்டாக்கப்படுவதால் எண்ணிக்கை பிசகும். மணிக்குப் பதிலாகச் சினிமாப் பாட்டு ஒலிக்கும் வசதியைப் பெற்றவர்களிடம் இம்முறை அடியோடு செல்லாது. பல்லவி முடியும் வரை காத்திருப்பவர் மணியையும் எண்ணார், துண்டிக்கவும் மறப்பார்.

இதனினும் பெரிய குறை பூச்சியத்தின் நிலையாகும். கணினியில் ஒன்றைப் போலவே பூச்சியமும் உரிய மின்நிலையால் குறிக்கப்படுகிறது. மிஸ்ட் கோலில் பூச்சியம் என்பது வெறும் மௌனம். அம்மௌனம் ‘இல்லை’ என்ற விடையா, காட்டோரக் குடியேற்றத்தில் கவறேஜ் இல்லாமையா, சார்ஜ் இறங்கியதா என்று பிரித்தறிய வழியில்லை. குளக்கட்டில் ஏறிக் கவறேஜ் தேடுவோர் இதனாலேயே ஒருமுறைக்கு இருமுறை மிஸ்ட் கோல் விடுகின்றனர். பிழையைத் தாங்கச் செய்தியைத் திரும்ப அனுப்பும் இவ்வுத்தி, பிழைதிருத்தும் குறிமுறைகளை 1950இல் வகுத்த ரிச்சர்ட் ஹாமிங்கின் துறையில் மிக எளியதும் மிக வீண்செலவானதும் ஆகும். காசு வெட்டப்படாத இடத்தில் வீண்செலவு பொருட்டன்று.

பிற்றுக்கு நேரக்கூடிய பேரழிவு, எதிர்முனையில் உள்ளவர் அவசரப்பட்டு எடுத்துவிடுவதாகும். அப்போது அழைத்தவர், ‘ஏன் எடுத்தனீங்கள்? மிஸ்ட் கோல்தானே விட்டனான்!’ என்று மூன்று செக்கன் கடிந்துகொள்ள, மேற்கூறிய குரற்குறிமுறையின்படி 39,000 பிற்றுகள் செலவாகின்றன. அவற்றால் கிடைக்கும் புதிய தகவல் எதுவுமில்லை. அழைத்தவரின் மீதியில் மட்டும் மாற்றம் காணப்படும்.

மேற்காட்டியவற்றால் துணியப்படுவது இதுவே: ஒரு பிற்றுக்குத் தனித்துப் பொருள் இல்லை, அனுப்புவோரும் பெறுவோரும் முன்கூட்டியே பேசி முடித்த உடன்பாடே அதற்குப் பொருள் தருகிறது. அவ்வுடன்பாட்டுக்கான பேச்சு எந்த மிஸ்ட் கோலையும் விட நீண்டது. ஆனால் ஒருமுறை பேசினால் பல காலம் செல்லுபடியாவது. ஆகவே பயணம் புறப்படுவோர், மணி ஒலித்தால் என்ன, ஒலிக்காவிட்டால் என்ன என்பதை வீட்டிலேயே பேசி முடித்துக்கொள்வார்களாக. வீட்டில் இருப்போர், தயவுசெய்து எடுக்காதிருப்பார்களாக.