சுருட்டப்பள்ளி வரைக்கும் கேக்கணுமா?

வாடா பேராண்டி, வா. செருப்ப அந்தாண்ட வுட்டுட்டு வா, உங்க ஆயா இப்பதான் வாசல் தெளிச்சா. இன்னாமோ பெட்டி வாங்கப் போறியாமே, உங்கம்மா சொன்னா. ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரு. காதுல மாட்டுறதுக்கு ஒரு காசு, மாட்டுனதுக்குத் தீனி போட இன்னொரு காசு. மாடு வாங்குனவன் தவிட்டுக்கு அலையறத பாத்திருக்கேன். மாடு நல்லா மேயுறப்பவே தவிட்டுக்கு அலையறவன இப்பதான் பாக்குறேன்.

போன ஞாயித்துக்கெழம நான் ஒரு டப்பா குடுத்தனுப்புனேனே, மாட்டிக் கேட்டியா? "நல்லாருக்கு தாத்தா, பேஸு நல்லா எறங்குது, ஆனா இதவிடப் பெருசா ஒண்ணு வேணும்"ங்கிற. சரி. அந்த டப்பா கதைக்கு அப்புறம் வரேன். மொதல்ல மோர் குடி.

ஆம்ப்ளிஃபயரப் பத்தி இந்தக் கெழவனுக்கு இன்னா தெரியும்னு நெனைக்காத. ஊத்துக்கோட்டையில நான் முப்பது வருசம் ரேடியோ செட்டு வச்சிருந்தவன். ஆடி மாசம் பெரியபாளையத்தம்மாவுக்கு இங்க கூழ் ஊத்துனா, கொழாய் கட்டுறது நான்தான். சைக்கிள் கேரியர்ல அகுஜா ஆம்ப்ளிஃபயரு, தோள்ல ஒயர் சுருணை, கையில ஏணி. தென்னமரத்துல ஒண்ணு, கோயில் கோபுரத்துல ஒண்ணு, ஆத்துப் பக்கம் பாத்தாப்புல ரெண்டு. ஆரணியாத்தங்கரையில இருக்குற சுருட்டப்பள்ளி வரைக்கும் கேக்கும். அங்க சிவன் ஆலகாலத்த முழுங்கிட்டுப் படுத்துக்கினு இருக்காரு பாரு, ஒலகத்துல எங்க சிவன் படுத்துப் பாத்திருக்க? என் கொழாய் சத்தத்துக்கும் அவரு எழுந்திரிக்கல. எழுந்திரிச்சிருந்தா வெசத்த வுட்டுட்டு என்னத்தான் மொதல்ல முழுங்கியிருப்பாரு.

ஒரு கொழாய் யூனிட்டுக்கு 30 வாட்டு, 40 வாட்டு தள்ளுவேன். அது எதுக்கு? மூணு கிலோமீட்டர் தாண்டணும். உன் பெட்டி எங்க தாண்டணும்? குஷன்லேருந்து காதுக்குள்ள, ஒரு விரக்கடை தூரம். அதுக்கு வேண்டியது மில்லிவாட்டு. வாட்டுல ஆயிரத்துல ஒரு பங்கு. நீ காமிச்சியே ஒரு பெட்டி, 1000 மில்லிவாட்டுன்னு தங்க எழுத்துல போட்டுக்கினு, அது உன் மண்டைக்கா, சுருட்டப்பள்ளிக்கா?

உன் ஹெட்போன் இன்னாது? ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ், தீபாவளி போனசுல வாங்குனது. அட்டைப்பெட்டிய தூக்கிப் போட்டுட்டியா? அதுலதான்டா ஜாதகமே இருக்கு. நான் பாத்து வச்சிருக்கேன்: 38 ஓம்ஸ், 99 டெசிபல். இதுக்கு அர்த்தம் சொல்றேன் கேளு. ஒரே ஒரு மில்லிவாட்டு குடுத்தா 99 டெசிபல் சத்தம் போடும். 99ன்னா சும்மா இல்ல, பறையடிக்கிறவன் பக்கத்துல நிக்குற மாதிரி. பத்து மில்லிவாட்டு குடுத்தா 109. போன்ல சொருகி ஹெட்போன் மாட்டுற நல்ல வால் ஒண்ணு ஒரு வோல்ட்டு தருதுன்னு வையி. ஒரு வோல்ட்டோட வர்க்கத்த 38 ஓம்ஸ்ல வகுத்தா 26 மில்லிவாட்டு. அதுல அந்த ஹெட்போன் 113 டெசிபல் வரைக்கும் போவும். அந்தச் சத்தத்துல நீ ஒரு பாட்டு முழுசாக் கேட்டியான்னா, அடுத்த பாட்டு கேக்க காது இருக்காது. இதுக்கு மேல ஆம்ப்ளிஃபயரு எதுக்கு? ரெண்டு எட்டு தூரத்துக்கு லாரி வச்ச கதைதான்.

ஓம்ஸு ஓம்ஸுன்னு சொல்றனே, அத நான் பணம் கட்டிக் கத்துக்கினேன். ஒரு திருவிழாவுல நாலு யூனிட்ட, ஒவ்வொண்ணும் 16 ஓம்ஸு, பேரலல்ல கட்டி ஆம்ப்ளிஃபயரோட 16 ஓம்ஸ் முனையில சொருகிட்டேன். நாலு பதினாறு பேரலல்ல சேந்தா நாலு ஓம்ஸுதானே? அவசரத்துல மறந்துட்டேன். சாமி தேர் ஏறுற நேரம், பெட்டிக்குள்ள கருவாடு சுட்ட வாசன. பாட்டு நின்னு போச்சு, தர்மகர்த்தா என்னப் பாத்த பார்வை இன்னும் முதுகுல கொதிக்குது. ரேடியோ செட்டுல முனைக்கு முனை பொருத்தணும். ஹெட்போன்ல அப்பிடி இல்ல, அதத்தான் நெறைய பேரு தப்பாப் புரிஞ்சுக்கினாங்க. பெட்டியோட உள்ளூர் ஓம்ஸு, அவுட்புட் இம்பீடன்ஸும்பாங்க, அது ஹெட்போன் ஓம்ஸுல எட்டுல ஒரு பங்குக்குக் கீழ இருக்கணும். உன் 38க்கு அஞ்சு ஓம்ஸுக்குக் கீழ. ஒண்ணு ரெண்டு ஓம்ஸுன்னா கவலையே இல்ல. அது ஏறிப்போனா சில ஹெட்போன்ல பேஸு ஊதிக்கும், பல டிரைவர் வச்ச இயர்போன்ல பாட்டோட நெறமே மாறிடும்.

ஓம்ஸு கூடினா கெட்டதுன்னும் இல்ல. நான் டவுசர் போட்ட காலத்துல மூர் மார்க்கெட்டுல பழைய மிலிட்டரி ஹெட்போன் ஒண்ணு வாங்கியாந்தாரு எங்க சித்தப்பா. 2000 ஓம்ஸு. ஒரு டயோடு, ஒரு காயில், தென்னமரத்துலேருந்து கூரைக்கு ஒரு ஏரியல், கெணத்துல எறக்குன எர்த்து ஒயரு. கரண்டு இல்ல, பேட்டரி இல்ல, ஆம்ப்ளிஃபயரு இல்லவே இல்ல. மெட்ராஸ் வானொலி காத்துல அனுப்புன பலத்துலயே அது பாடும். கச்சேரி கொசு பாடுற மாதிரிதான் கேக்கும், ஆனா வீணையோட மீட்டு தனியாக் காதுல வுழும். ஏன்? ராத்திரி ஒன்பது மணிக்கு ஊத்துக்கோட்டையில நாய் கொட்டாவி வுட்டாக்கூடக் கேக்கும், அவ்ளோ அடக்கம்.

இப்ப உன் கதைக்கு வா. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல கம்பி உருட்டுற ஆலையில வேல. பக்கத்துல நிக்குறவன் காதுல வாய வச்சுக் கத்துனாத்தான் பேச்சு. கம்பெனி குடுத்த ஆரஞ்சு கலர் இயர் பிளக்க பாக்கெட்டுல வச்சிக்கினு சுத்துற, சட்டப் பையிக்குச் சத்தம் கேக்கக் கூடாதுன்னு நெனப்பு போல. எட்டு மணி நேரம் கழிச்சு ரூமுக்கு வந்து ஹெட்போன மாட்டுற. "சத்தமே பத்தல தாத்தா"ங்கிற. ஏன்டா, ஹெட்போன் இளைச்சுதா, காது இளைச்சுதா? பெரிய சத்தத்துல நின்ன காது சில மணி நேரத்துக்கு மந்தமாயிடும். மறுநா காலையில கொஞ்சம் தேறி வரும். அந்த மந்தக் காதுக்கு நீ ஆம்ப்ளிஃபயரு தேடுற.

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கு வச்சிருக்குது. பெரியவங்களுக்கு 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம். மூணு டெசிபல் ஏற ஏற நேரம் பாதி. 83ல 20 மணி, 86ல 10, 89ல அஞ்சு, 92ல ரெண்டரை. அதாவது வாரத்துக்கு ரெண்டரை மணி! உன் ஆலை அந்த ரேஷன திங்கக்கெழமையே தின்னுடுது. அதுக்கு மேல நீ பெட்டி வாங்கி கடன் வாங்கப் பாக்குற. இந்தக் கடனுக்கு வட்டி இல்ல, ஜப்திதான். என் எடது காத பாரு. கொழாய்க்குக் கீழயே படுத்துத் தூங்குன காது. அந்தப் பக்கமா நின்னு உங்க ஆயா திட்டுனா ஒண்ணும் வுழாது, அது ஒண்ணுதான் லாபம். ஆனா வீணையும் வுழாதுடா, அந்த மீட்டும் வுழாது.

அதனால ஒண்ணு செய்யி. ஞாயித்துக்கெழம காலையில, நல்லாத் தூங்கி எழுந்து, ஃபேன நிறுத்திட்டு, போன்லயே மாட்டிக் கேளு. பாதி வால்யூம்ல போதும்னு தோணுச்சின்னா உனக்குப் பெட்டி வேணாம். ஷிஃப்ட்டு முடிஞ்சு வந்து கடை கிட்டயே போவாத. பசியில சந்தைக்குப் போனவன் கூடைய வாங்கிடுவான்.

இன்னொண்ணு, உன் ஹெட்போன் குஷன காட்டு. பாத்தியா, ஓரம் பேத்துக்கினு கருப்புத் தூசி உன் கழுத்தெல்லாம். இந்தக் கிழிசல் வழியாத்தான் உன் பேஸு ஒழுகிப் போவுது. நம்ம ஊரு ஜீரோ பாயின்ட்டுக்கு ஆந்திராவுலேருந்து கிருஷ்ணா தண்ணி வருதே, 1983 ஒப்பந்தப்படி 15 டிஎம்சி, வழியில 3 டிஎம்சி ஆவியாப் போயி எல்லையில 12 வந்து சேரணும். மொதல்ல கால்வாய் கரை ஒழுங்கா இல்லாம தண்ணியெல்லாம் மண்ணு குடிச்சுது. கண்டலேறு அணையில மதகை இன்னும் தொறன்னு கத்தி பிரயோசனம் இருந்துதா? சத்ய சாயி பாபா அறக்கட்டளை கால்வாய சரி பண்ணதுக்கு அப்புறம்தான் தண்ணி ஒழுங்கா எட்டிப் பாத்துச்சு. கிழிஞ்ச குஷன வச்சிக்கினு ஆம்ப்ளிஃபயரு வாங்குறது ஒடஞ்ச கால்வாய்க்கு மதகு தொறக்குறதுதான். குஷன மாத்து, சில நூறு ரூவா.

சரி, யாருக்குத்தான் பெட்டி வேணும்? இருக்காங்க. சென்ஹைசர் எச்டி600ன்னு ஒண்ணு, 1997லேருந்து வந்துக்கினு இருக்குது, 300 ஓம்ஸு. ஒரு வோல்ட்டு குடுத்தா அதுக்குள்ள மூணு மில்லிவாட்டுதான் போவும். ரெண்டு வோல்ட்டு குடுத்தா நாலு மடங்கு, 13. பேயர்டைனமிக்ல 250, 600 ஓம்ஸுல இருக்குது. அப்புறம் தட்டையா சவ்வு வச்ச பிளேனர் வகை, அதுல சில பேரு சோம்பேறி மாடு. ஹைஃபைமேன் எச்இ6ன்னு ஒண்ணு, ஒரு மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான் எழுந்திரிக்கும், தார்க்குச்சி வேணும். ஓம்ஸு கூடினது வச்சிருந்தா ரெண்டு வோல்ட்டு தர்ற வால் போதும்; சோம்பேறி மாடுன்னா ஃபியோ, டாப்பிங் மாதிரி மேசைப் பெட்டி வேணும். கெயின் சுவிட்சு லோவும் ஹையும் இருக்கணும்; எப்பவும் லோவுல ஆரம்பி, ஹையில வச்சா சின்ன இயர்போன்ல ‘உஸ்’னு பாம்பு சீறும். அமெரிக்கப் பெட்டி வரவழைச்சா அடாப்டர பாரு. அங்க 120 வோல்ட்டு, இங்க பிளக்குல 230. என் கருவாட்டு வாசன உன் ரூம்லயும் வரும். லேப்டாப்ப சார்ஜர்ல போட்டா ‘கொய்ங்’னு ஒரு ஹம் வருதா? பெட்டிய மாத்தாத, சார்ஜர புடுங்கிப் பாரு. புளூடூத் ஹெட்போன்ல ஒயர் இல்லாமக் கேக்குறியா? அதுக்குள்ளயே ஆம்ப்ளிஃபயரு இருக்குது, வெளிய வாங்குன பெட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது.

நீயே எனக்கு ஒரு கத சொன்ன, ஞாபகம் இருக்கா? நார்த்வெஸ்ட் ஏவி கைன்னு புனைபேரு வச்ச ஒருத்தன், மூஞ்சியே காட்டாதவன், 2011ல ஓ2ன்னு ஒரு ஆம்ப்ளிஃபயருக்குப் படம் போட்டு ஊருக்கே இனாமாக் குடுத்தான். ரெண்டு 9 வோல்ட்டு பேட்டரி, சல்லிசான சிப்பு. அதவிட எத்தனையோ மடங்கு வெலைக்கு வித்த பெட்டியோட வச்சு, எது எதுன்னு சொல்லாம கேக்க வச்சா ஆளுங்களால பிரிச்சுச் சொல்ல முடியலன்னு எழுதுனான். அடுத்த வருசமே ஆளு காணோம். யாருன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. பணக்காரப் பெட்டிக்காரன் கடத்திட்டானா, இல்ல அவன் பொண்டாட்டி சாலிடரிங் அயன புடுங்கி வச்சாளா, நான் ரெண்டாவதுன்னுதான் நெனைக்கிறேன். நீ அந்தக் கதைய எதுக்குச் சொன்ன? பெட்டி வாங்கச் சம்மதம் வாங்க. நான் கேட்டது வேற. எதுன்னு சொல்லாம கேக்க வச்சாங்கல்ல, அத கேட்டேன். காதுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்குது, துளி சத்தம் கூடினா அத ‘தரம்’னு சொல்லும். கண்ணுக்கு அதவிடக் கெட்ட பழக்கம், லைட்டு எரிஞ்சா நம்பும்.

இப்ப அந்த டப்பா. உனக்குக் குடுத்தேனே, முன்னாடி செவப்பு லைட்டு, பக்கத்துல வால்யூம் திருகாணி. நீ பேஸு எறங்குதுன்னியே.

செவப்பு லைட்டுக்கு மட்டும்தான்டா அதுல பேட்டரி. திருகாணி ஒண்ணோடயும் ஒட்டல, அத டப்பாவுல ஓட்டப் போட்டு நட்டு வச்சு முறுக்கி வுட்டேன். இந்தாண்ட சாக்கெட்டுலேருந்து அந்தாண்ட சாக்கெட்டுக்கு மூணு ஒயரு, நானே பத்த வச்சேன், கை இன்னும் நடுங்கல. உன் போன்ல தொங்குதே ஒரு சின்ன வால், சி டைப்புலேருந்து ஹெட்போன் மாட்டுறது, நகம் அளவுக்கு, அதுக்குள்ள இருக்குற சிப்புதான் உன்ன ஒரு வாரமா பாட வச்சிருக்குது. ஆம்ப்ளிஃபயரு அதுதான். அத நீ ஆறு மாசம் முன்னாடியே வாங்கிட்ட.

மூஞ்சிய அப்பிடி வச்சுக்காத. திருகாணிய திருகுனப்ப சத்தம் ஏறுச்சின்னு சொன்னியே, அத மட்டும் யார் கிட்டயும் சொல்ல மாட்டேன்.

சரி, பையில அந்த டப்பா இருக்குதா? எடு. அது உங்க ஆயாவோட ஊசி நூல் டப்பா. ஒரு வாரமா வீட்டத் தலகீழாப் பொரட்டிக்கினு இருக்கா. அதோ வரா, ஓட்டப் பக்கத்த கீழ வச்சுக் குடு.