கூடைப் பாரம் கழிச்சா எவ்வளவு?

ஏன்டா பேராண்டி, தீவாளிக்குச் சொந்தக்காரங்க எல்லாருக்கும் நீயே ஹேம்பர் கட்டிக் குடுக்கப் போறியாமே? கொழும்புல வேலை பாக்குற புள்ள, சும்மாவா? ரிப்பன் என்னா, செலோபேன் என்னா, பசை உருக்குற துப்பாக்கி என்னா! துப்பாக்கின்னதும் சண்டைக்குத்தான் போறியோன்னு ஒன் பாட்டி பயந்துட்டா.

கட்டு ராசா, வேணாங்கல. கையில காசு கொஞ்சந்தான்னும் சொல்ற. அப்ப மொதல்ல ஒண்ணு சொல்லு. அந்தக் கொஞ்சக் காசுல கூடைக்கு உள்ள போறது எவ்வளவு? கூடைக்கு மேல போறது எவ்வளவு?

கொழுந்து நிறுக்குற எடத்துல நின்னு பாத்திருக்கியா? பாட்டியைக் கேளு. அவ பறிச்சாந்ததைத் தராசுல மாட்டுனதும் கூடைப் பாரம்னு கொஞ்சம் கழிப்பாங்க. மழை நாளுன்னா ஈரத்துக்குன்னு இன்னுங் கொஞ்சம். சில எடத்துல எதுக்குன்னே தெரியாமக் கழிப்பாங்க, அது வேற கதை. கழிச்சது போக மிச்சந்தான் அவ பேருல ஏறும். அந்தத் தராசை ஒன் ஹேம்பருக்கும் மாட்டு. கூடையைக் கழி. அடியில மெத்தை போட்ட தாள் சீவலைக் கழி. பிளாஸ்டிக் பூவைக் கழி. இப்ப முள்ளு எங்க நிக்குது? மாரி பிஸ்கட் ஒரு பாக்கெட்டு, சாக்லெட் ரெண்டு, வாசனை மெழுகுவத்தி ஒண்ணு. இதுக்கா ஒரு ஆளு உயரத்துக்கு எழும்பி நின்னுச்சு?

2024லதான் தோட்டத்துல நாள் சம்பளம் 1,350 ரூபான்னு ஆச்சு. அதுக்கு முந்தி 1,000 ரூபாய்க்கு வருசக்கணக்காக் கொடி புடிச்சோம், 2021லதான் கைக்கு வந்துச்சு. நீ சுத்துற ரிப்பனும் தாளும் ஒவ்வொரு கூடைக்கும் ஒரு அரைப்பேரை, அதான் அரை நாள் சம்பளத்தை, முழுங்கிப்புடும். வாங்குனவன் அஞ்சு நிமிசத்துல பிச்சு அடுப்புல போடுவான். செலோபேன் எரிஞ்சா நாத்தம் வேற.

எங்க காலத்துல இந்தக் கூத்தெல்லாம் இல்லைன்னு தாத்தா அளப்பேன்னு பாக்குறியா? மாட்டேன். நம்ம ஆளுக மட்டும் லேசுப்பட்டவங்களா? சடங்கு வீட்டுக்குத் தாய்மாமன் சீர் கொண்டு வர்றதைப் பாரு. 11 தட்டு போதும்பான் மாமன். 21ம்பா மாமங்காரன் பொண்டாட்டி. எதிர் லயத்துக்காரன் போன மாசந்தான் 21 வச்சான்னா, இவனுக்கு 31 வச்சாத்தான் தூக்கம் வரும். தட்டு வாடகைக்குக் கெடைக்கும், தட்டுல வைக்க எங்க போறது? ஒத்த ஆப்பிளுக்கு ஒரு தட்டு. சீப்பும் பவுடர் டின்னும் இன்னொரு தட்டு. நாலு கற்கண்டைக் கூம்பாக் குவிச்சு அதுக்கொரு தட்டு. தப்பு அடிச்சிக்கிட்டு வரிசையா வந்தா லயமே வாயைப் பொளந்து நிக்கும். வட்டிக்குக் குடுத்தவனும் அந்தக் கூட்டத்துலதான் நிப்பான், வாயைப் பொளக்காம.

ஒவ்வொரு ஹேம்பருக்கும் ஒரு ‘தீமு’ வேணும்னியே, அதுவும் அன்னைக்கே இருந்துச்சுடா. வளைகாப்புன்னா வளையலும் வகைவகையாச் சோறும். பொங்கல்னா பானை, பச்சரிசி, சக்கரை, கரும்பு. தட்டைப் பாத்தாலே யாருக்கு, எதுக்குன்னு தெரியும். ஒன் கூடையைப் பாத்தா எனக்கு என்னா தெரியுது? பசைத் துப்பாக்கி வச்சிருக்கான்னு தெரியுது.

நுவரெலியா டவுனுல குட்டி குட்டியா மூங்கில் கூடை வச்சிருக்காங்க, பாத்திருப்ப. கையளவு கூடை, உள்ள தேயிலை பாக்கெட்டு. ஊர் பாக்க வந்தவங்க ஆசையா வாங்கிட்டுப் போறாங்க. ஒன் பூட்டி மண்டையில கயித்தைப் போட்டு முதுகுல தொங்கவிட்ட கூடைடா அது. அவ கழுத்து நொந்தப்ப ஒருத்தனும் ரிப்பன் கட்டல. இப்ப மலையில நெறையப் பேரு சாக்குலதான் கொழுந்து போடுறாங்க. கூடை கடை அலமாரிக்கு ஏறிருச்சு. எறங்குனது அவ முதுகுப் பாரமா, அவ பேரான்னு நான் கேக்கல. நீ கட்டு.

லண்டன்ல போர்ட்னம் அண்ட் மேசன்னு ஒரு கடை, 1707ல தொறந்தது. பிரம்புக் கூடையில தேயிலையும் தின்பண்டமும் அடுக்கி விக்கிறதுல பேர் போன கடை. அந்தக் கடைக் கூடையோட போட்டோவைப் பாத்துத்தான நீயும் கெளம்புன? போட்டோவை நல்லாப் பாத்தியா? அந்தக் கூடைக்கு மூடி இருக்கு, வார் இருக்கு. தின்னு முடிச்சாலும் துணி போட்டு வைக்கலாம், பத்து வருசம் கெடக்கும். நீ வாங்கி வச்சிருக்கிறது தீவாளி மறுநாளே காலொடிஞ்சு கெடக்கும்.

அதுக்குத்தான் சொல்றேன், பாத்திரமே பரிசா இருக்கட்டும். நல்ல வாளி ஒண்ணு. சொளகு ஒண்ணு. எவர்சில்வர் சட்டி ஒண்ணு. தின்பண்டந்தான்னா மூடி இறுக்கமான பழைய பிஸ்கட் டின்னு போதும், அலம்பிக் காயவச்சா என்னா கொறைச்சல்? அப்ப கூடைப் பாரம்னு கழிக்க என்னா இருக்கு?

இப்ப உள்ள என்னா அடுக்கியிருக்கன்னு பாப்பம். தேயிலையும் வாசனைச் சவுக்காரமும் ஒண்ணை ஒண்ணு ஒட்டிக்கிட்டு! நல்லாருக்குடா. நான் தேயிலை ஸ்டோருல சல்லடைக்கிட்ட நின்னே தலை நரைச்சவன், கேட்டுக்க. தேயிலையைக் காய வைக்கையில ஈரத்தை 100க்கு 3 அளவுக்கு எறக்கிருவாங்க. அவ்வளவு காஞ்ச சாமானு சும்மா இருக்குமா? பக்கத்துல உள்ள ஈரத்தையும் இழுக்கும், வாசத்தையும் இழுக்கும். இந்தக் குணம் தெரிஞ்சுதான் சீனாக்காரன் மல்லிகைப்பூவோட தேயிலையைக் கிடத்தி மணம் ஏத்துறான். நீ சவுக்காரத்தை ஏத்துற. ஒன் அத்தை சாயத்தண்ணி ஊத்துனா, குடிச்ச மாதிரியா இருக்கும்? குளிச்ச மாதிரி இருக்கும்.

சவுக்காரத்தை வேற கூடைக்குத் தள்ளு. மெழுகுவத்தியையும் தள்ளு. தூளைத் தனி டின்னுல போட்டு மூடு. எந்தத் தூளுங்கிறதுலயும் மினுக்காத. சில்வர் டிப்ஸ் வேணுமாம்ல ஒனக்கு? நம்ம சனம் பால்மாவைக் கரைச்சு, சீனியை அள்ளிப் போட்டுக் குடிக்கிற சனம். அதுக்கு டஸ்ட்டும் பீ.ஓ.பி.எப்.பும்தான் சாயம் எறங்கும். நுவரெலியா மேட்டுத் தேயிலை 6,000 அடி ஒசரத்துல வெளையிறது. நெறம் வெளிரா இருக்கும், மணம் மெல்லிசா இருக்கும். அதுல பாலைக் கொட்டுனா மணமும் போச்சு, காசும் போச்சு. அந்தத் தூளைக் கொழும்புச் சிநேகிதனுக்குக் குடு. பால் ஊத்தாமக் குடிடான்னு சொல்லிக் குடு.

முறுக்கைச் சுட்டவுடனே உறையில கட்டாத. ஆவி உள்ளயே வேர்த்து, விடிஞ்சு பாத்தா ஒடியாது, வளையும். இந்த ஊருப் பனிக்கு அதுவே நமுத்துப் போற சாமானு, நீ வேற ஒத்தாசை பண்ணாத. நல்லா ஆறட்டும். அதிரசத்துக்கு எண்ணெய் வடியட்டும். ஸ்ட்ரோபெரிப் பழமும் வைக்கணும்னியே, நானுஓயாவுல ரயில் ஏறி கொழும்புக் கோட்டையில எறங்குறதுக்குள்ள கூடைக்கு அடியில சாறுதான் மிஞ்சும். ஆசையா இருந்தா ஜாமாக் காச்சி போத்தல்ல ஊத்து.

சித்திக்கு என்னமோ ‘ஸ்பா’ கூடைன்னியே, அதுதான்டா எனக்குச் சிரிப்பு அடங்கல. குளியல் உப்பாம், ரோசா இதழாம். அவ வீட்டுல தொட்டி எங்கடா இருக்கு? பீலியில நின்னு குளிக்கிறவ. உப்புதான் குடுக்கணும்னா கல்லுப்பு குடு, அட்டையைக் கழட்ட ஆவும். சன்லைட் சவுக்காரம் ஒரு கட்டி, காலுல தேச்சிக்கிட்டு மலைக்குப் போனா அட்டை லேசுல ஏறாது. சித்தாலேப டப்பி ஒண்ணு, கழுத்துக்கும் முட்டிக்கும். மொத்தமான காலுறை ரெண்டு சோடி. வெத்தலை பாக்கு. எல்லாத்தையும் வாளியில போட்டுக் குடு. ரோசாப்பூவை ஒன் மொபைல்ல வச்சுக்க.

ராக்காவலுக்குப் போற சித்தப்பாவுக்கு என்னா? பேல் பஜாருக்குப் போ. சொன்ன விலையைக் கேட்டதும் நெஞ்சைப் புடிச்சுக்க, பேரம் தானா எறங்கும். ஒரு கம்பளித் தொப்பி, டோர்ச்சுக்கு பேட்டரி, சளிக்கு இஞ்சியும் கொத்தமல்லியும். சோதனை எழுதப் போற தங்கச்சிக்கு? கரடி பொம்மையாம்! அது கணக்குச் சொல்லிக் குடுக்குமா? பழைய வினாத்தாளைப் போட்டோக்கொப்பி அடிச்சுக் குடு, ரெண்டு கொப்பி, நெஸ்டமோல்ட் ஒரு பாக்கெட்டு. வீட்டுல மொதல்ல தீர்ந்து போற சாமானு எதுன்னு அவங்க புள்ளைகளைத் தனியாக் கூப்பிட்டுக் கேளு. பெரியவங்க வெக்கப்பட்டு மறைப்பாங்க, புள்ளைக உள்ளதை உடைச்சிருங்க.

2022 ஞாபகம் இருக்கா? பால்மாவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. அப்ப தமிழ்நாட்டுல இருந்து 40,000 தொன் அரிசி, 500 தொன் பால்மா, மருந்துன்னு அனுப்புறோம்னாங்க. மே மாசம் மொதக் கப்பல் சென்னையில கெளம்புச்சு. அதுக்கு என்னா தீமு? பசிதான் தீமு. சாக்கைப் பிரிச்ச ஒருத்தனும் பூ எங்கன்னு தேடல.

சித்திரை வருசத்துக்குச் சிங்களச் சனம் கொக்கிஸும் கவுமும் தட்டுல அடுக்கி, மேல ஒரு துணியை மூடிக் கொண்டாந்து குடுப்பாங்க. அந்தத் தட்டை வெறுந்தட்டாத் திருப்புறது வழக்கமில்ல. நம்ம பக்கம் இருந்து முறுக்கு போவும். ஒன் பாட்டிக்கிட்ட அப்பிடி வந்த தட்டு ரெண்டு இன்னும் அலமாரியில இருக்கு. முறுக்கு சுடட்டும்னுதான் வச்சிருக்காளாம். நீ அதைக் கேக்காத, எனக்குத்தான் பேச்சு விழும்.

கடைசியா அந்த வாழ்த்து அட்டை. கடையில அச்சடிச்ச இங்கிலீசு எதுக்கு? துண்டுக் கடதாசியில ஒன் கையால ரெண்டு வார்த்தை எழுது, எழுத்து கோணலா இருந்தா இருக்கட்டும். விலைச் சீட்டை மட்டும் மறக்காமப் பிச்சிரு. மறந்தாப்புல விட்டுட்டுப் போறவனுங்க எத்தனை பேரை நான் பாத்திருக்கேன்!

அது சரி, சித்திக்குப் போட்ட, சித்தப்பாவுக்குப் போட்ட, கொழும்புக்காரனுக்கும் போட்ட. இவ்வளவு நேரம் வாய் வலிக்கப் பேசுன கெழவனுக்கு என்னா வேணும்னு ஒரு வார்த்தை கேட்டியா? மூக்குக் கண்ணாடிக்கு ஒரு காலு ஒடிஞ்சு ரெண்டு மாசமா நூலுல கட்டிக்கிட்டுத் திரியிறேன். அதை எந்தத் தீமுல சேக்குறன்னு பாத்துச் சொல்லு.