பேய்க்கு அரைப்பேர்

மதிப்புக்குரிய தேர்வுக் குழுவினருக்கு,

நீங்கள் எந்த ஊர்த் திரைப்பட விழாவின் குழு என்று இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. ஓர் ஊரின் பெயரைப் போட்டால் மற்ற ஊர்க்காரர்கள் இது தங்களைப் பற்றியதல்ல என்று நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள். இரண்டு நாள் விழா, இரவல் மண்டபம், வாடகை புரொஜெக்டர், பின்வரிசையில் ஏற்பாட்டாளர்களின் உறவினர்கள், பதாகையில் ‘சர்வதேச’ என்ற அடைமொழி: இந்த அங்க அடையாளங்கள் பொருந்துகிற எல்லோருக்கும் இது போய்ச் சேரட்டும். சுயாதீனப் படங்களை வரவேற்கிறோம் என்ற உங்கள் அறிவித்தலைப் பார்த்து மகிழ்ந்தேன். சமூக அக்கறையுள்ள தரமான படைப்புகளுக்கே முன்னுரிமை என்று அதன் கீழே நீங்கள் சேர்த்திருந்த வரியையும் பார்த்தேன். அந்த வரி என்ன சொல்கிறது என்பது பசறைப் பக்கத்தில் கமெரா தூக்குகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். பேய் வேண்டாம், முனி வேண்டாம், கொலையைத் துப்பறிய வேண்டாம், வேற்றுக்கிரகம் வேண்டவே வேண்டாம்; மலையகத்திலிருந்து அனுப்புவதானால் கூடையும் கண்ணீரும் அனுப்பவும்.

இந்தக் கொள்கையை நான் எதிர்க்கவில்லை. அரைகுறையாக நடத்துகிறீர்களே என்பதுதான் என் குறை. விண்ணப்பப் படிவத்தில் இன்னும் சில கேள்விகளைச் சேர்த்துவிட்டால் படத்தைப் பார்க்கும் சிரமமே உங்களுக்கு இருக்காது. லயத்துக் கூரைத் தகரம் எத்தனை நிமிடம் ஒழுகுகிறது? கூடைக் கயிறு தலையில் அழுத்துவது அண்மைக் காட்சியாக உண்டா? பாட்டி எத்தனை தரம் இருமுகிறாள்? பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட பிள்ளை கடைசிக் காட்சியில் கமெராவை நேராகப் பார்க்கிறதா? பதில்கள் திருப்தியென்றால் தேர்வு. இவை ஒன்றுமில்லாமல், தேயிலைத் தொழிற்சாலையான இஸ்டோருக்கு இரவு வேலைக்குப் போகிறவன் தனக்கு முன்னால் தானே நடந்துபோவதைக் காண்கிறான் என்று ஒரு படம் வந்தால், ‘முயற்சிக்குப் பாராட்டு’ என்று ஒரு சான்றிதழை அனுப்பிவிடலாம். தோட்டத்தில் நிர்ணயித்த கிலோவுக்குக் குறைவாகக் கொழுந்து நிறுத்தால் அரைப்பேர் போடுவார்கள். நாள் முழுதும் மலையில் நின்றவளுக்கு அரை நாள் சம்பளம். பேய்ப்படத்துக்கு நீங்கள் கொடுக்கும் சான்றிதழும் அந்த அரைப்பேர்தான். ஒரே வித்தியாசம், தோட்டத்தில் தராசு என்று ஒன்று இருக்கிறது.

உங்கள் முன்னுரிமைக்கு அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது. யதார்த்தப் படம் மண்ணிலிருந்து முளைப்பது, பேய்ப்படம் சென்னையிலிருந்தோ ஹொலிவூட்டிலிருந்தோ இறக்குமதியாவது என்ற நம்பிக்கை. மலையகத்தைப் பொறுத்தவரை விஷயம் தலைகீழ். மாசி மாதத்தில் தோட்டத்தில் காமன்கூத்து நடக்கும்போது சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்து சாம்பலாகிறான், ரதி புலம்புகிறாள், எரிந்தவன் திரும்பி வருகிறான். பொன்னர் சங்கரில் படுகளத்தில் விழுந்து கிடப்பவர்கள் எழுப்பப்படுகிறார்கள். அர்ச்சுனன் தபசில் ஆயுதம் வேண்டி ஒரு மனிதன் கம்பத்தில் ஏறுகிறான். விடிய விடியப் பனியில் உட்கார்ந்து சனம் பார்த்த கதைகள் இவை. கூத்தை விட்டுக் கோயிலுக்கு வந்தால் அங்கே ரோதமுனி இருக்கிறார், கவ்வாத்துச்சாமி இருக்கிறார். தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ஒரு முனி, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் மலைக்கு ஒரு சாமி. கப்பலேறி வந்த கிராமத்துத் தெய்வங்களோடு, தேயிலையே இந்த இரண்டு பேரையும் பெற்றுப் போட்டது. இயந்திரம் கையை இழுத்துக்கொள்ளும் என்ற பயத்துக்கும் கத்தி தவறும் என்ற பயத்துக்கும் சனம் கொடுத்த உருவம் இது என்றுதான் நான் படிக்கிறேன். தொழிற் பாதுகாப்பைப் பற்றி இதைவிடச் சமூக அக்கறையுள்ள கதை உங்களுக்கு எங்கே கிடைக்கும்? ஆனால் ரோதமுனி திரையில் வந்தால் அது மூடநம்பிக்கை. ஆய்வரங்கில் ஒருவர் கட்டுரையாக வாசித்தால் அது நாட்டாரியல்.

வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தாலும் யதார்த்தம் கைகொடுப்பதில்லை. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்காரர் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். நுவரெலியாவில் இருக்கும் அவருடைய கல்லறையையும் இடி விட்டுவைக்கவில்லை என்பது ஊர்க்கதை. இதை எந்தத் திரைக்கதை ஆசிரியனாவது எழுதியிருந்தால் ‘நம்பகத்தன்மை குறைவு’ என்று நீங்கள் திருப்பி அனுப்பியிருப்பீர்கள். அடுத்த கதை 1964 ஒக்டோபரில் நடக்கிறது. இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து ஒரு கூட்டத்தைப் பங்கு போடுகிறார்கள். 5,25,000 பேர் அந்த நாட்டுக்கு, 3,00,000 பேர் இந்த நாட்டுக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தை ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரிக்கிறார்கள். பங்கு போடப்பட்டவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கணக்கில் வந்தவர்கள் பெட்டி கட்டி ரயிலேறித் தலைமன்னாருக்குப் போனார்கள். இது அறிவியல் புனைவு இல்லையென்றால் வேறெது? மலையகச் சனத்தை இலங்கையும் இந்தியாவும் பங்கு போட்ட இந்தச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தை யதார்த்தமாக எடுத்தால் பெட்டியும் ஒப்பாரியும் கிடைக்கும். எண்களை வைத்து மனிதர்களைப் பிரிக்கும் ஒரு கிரகத்தின் கதையாக எடுத்தால்தான் அந்தக் கணக்கின் பைத்தியக்காரத்தனம் தெரியும்.

இங்கே உங்களில் ஒருவர் கை தூக்குவார். அவருடைய ஆட்சேபம்தான் எல்லாவற்றிலும் கனமானது: ‘இவ்வளவு பட்ட சனத்தின் துயரத்தைப் பயமுறுத்தும் விளையாட்டாக்குவது அவமரியாதை அல்லவா?’ மீரியபெத்தையை எடுத்துக்கொள்வோம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தையில் அந்தத் தோட்டத்தின் லயங்களை மலை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, சனத்தை வேறிடத்துக்குக் கொண்டுபோங்கள் என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. இதை ஒரு யதார்த்தக் குறும்படமாக எடுத்தால் மழை, சேறு, கதறும் தாய், மௌனம் என்று முடியும். பார்வையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேநீர் இடைவேளைக்குப் போவார். குற்றவாளி யாரென்றால் மழை. பேய்ப்படத்துக்கு அப்படித் தப்பிக்கும் வசதி கிடையாது. யாரோ செய்த ஒன்றுக்காகவே பேய் வரும் என்பது அந்த வகைக் கதையின் அடிப்படைச் சட்டம். செய்தவன் யாரென்று கண்டுபிடிக்கும்வரை அது போகாது. எச்சரிக்கைக் கடிதம் எந்த மேசையில் கிடந்தது என்று தேடிக்கொண்டு அது அலுவலகம் அலுவலகமாக ஏறும். அவமரியாதை எதில் இருக்கிறது என்பதை இனி நீங்களே சொல்லுங்கள். மோசமாக எடுத்தால் இது அருவருப்பாகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மோசமாக எடுத்த கண்ணீர்ப் படமும் அப்படித்தான், ஆனால் அதற்குப் பொன்னாடை போர்த்துகிறோம்.

இரண்டாவது ஆட்சேபம், வருகிற பேய்ப்படங்கள் எல்லாம் நகல் என்பது. ‘முனி’யும் ‘காஞ்சனா’வும் பார்த்த பிள்ளைகள் அதே ஒப்பனை, அதே திடீர்ச் சத்தத்தோடு எடுக்கிறார்கள் என்கிறீர்கள். உண்மைதான், பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் அசையாத கமெரா, ஐந்து நிமிடம் சோறு பிசையும் கை, கடைசியில் ஜன்னல் வெளிச்சம் என்று உங்களுக்குப் பிடித்த பாணியும் இந்த மலையில் விளைந்ததல்ல. அது ஐரோப்பாவிலிருந்தும் ஈரானிலிருந்தும் வந்த நகல். தூரத்திலிருந்து வந்ததால் அது தாக்கம் எனப்படுகிறது, இராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது திருட்டு எனப்படுகிறது. பத்து நகலுக்கு நடுவே பதினோராவதாக வரும் அசலைப் பொறுக்கி எடுக்கத்தானே தேர்வுக் குழு? வகையைப் பார்த்தே தள்ளிவிடுவதென்றால் அந்த வேலைக்கு ஏழு பேர் தேவையில்லை, ஒரு ரப்பர் முத்திரை போதும்.

பெரிய விழாக்களைப் பார்த்துத்தான் இந்தத் தரம் வைத்தோம் என்று சொல்வீர்களானால், பெரிய விழாக்களை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று தயவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2010இல் கான் விழாவின் தங்கப்பனை தாய்லாந்தின் அபிசாத்பொங் வீரசெத்தகுலின் படத்துக்குப் போனது. அதில் செத்துப்போன மனைவி இராச்சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்காருகிறாள், காணாமற்போன மகன் சிவந்த கண்ணுள்ள குரங்குருவாகப் படியேறி வருகிறான், யாரும் அலறுவதில்லை. பார்சலோனாவுக்குப் பக்கத்தில் கடலோரச் சிற்றூரான சிட்ஜெஸ், 1968 முதல் பேய்க்கும் மாயத்துக்கும் விழா எடுத்தே உலகப் பெயர் வாங்கியது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ 1957இல் கானுக்குப் போனபோது அதன் மையத்தில் இருந்ததே கைபட்டால் குணமாக்கும் என்று கிராமம் நம்பிய ஒரு சிறுவன்தான். சின்ன விழாவுக்கு இன்னும் பொருத்தமான கணக்கு ஒன்று உண்டு. ஓரன் பெலி என்பவர் தன் சொந்த வீட்டுக்குள்ளேயே ஏறக்குறைய 15,000 டொலருக்கு ‘பாரநோர்மல் அக்டிவிட்டி’யை எடுத்தார். 2007இல் அதை முதலில் திரையிட்டது திகில் படங்களுக்கான ஒரு சின்ன விழா. பிறகு அது உலகம் முழுதும் 19 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. ஒரு படுக்கையறை, ஒரு கதவு, ஒரு கமெரா. காம்பரா என்ற ஓர் அறையும் இஸ்தோப்பு என்ற ஒரு திண்ணையும் உள்ள லயத்து வீட்டில் எடுப்பதற்கு இதைவிடத் தோதான வகை இருக்கிறதா? நமுனுகுலயிலிருந்து இறங்கும் மூடுபனிக்கு வாடகையும் இல்லை.

விதிகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 2024இல் சண்டான்ஸ் விழாவுக்கு 17,000க்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. அவர்கள் விண்ணப்பக் கட்டணம் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, கூட்டத்தைக் குறைக்க வேண்டும். உங்கள் கூட்டத்தை எதற்குக் குறைக்க வேண்டும்? நீங்கள் 25 டொலர் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டொலர் 300 ரூபா என்றால் 7,500 ரூபா. 2024இல் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. ஐந்தரை நாள் கொழுந்து பறித்தால் உங்கள் குழு பத்து நிமிடப் படத்தின் முதல் இரண்டு நிமிடத்தைப் பார்க்கும். வேறெங்கும் திரையிட்டிருக்கக் கூடாது என்கிறீர்கள்; கோயில் முற்றத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டியதும் அதில் சேருமா என்று தெளிவுபடுத்தினால் நல்லது. தமிழ்ப் படத்தைத் தமிழ்க் குழு பார்ப்பதற்கு ஆங்கில உபதலைப்புக் கேட்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, சிரிப்பு வருகிறது.

கடைசி ஆட்சேபம் நிதி கொடுப்பவர்களின் பெயரால் வருவது: உண்மையை நேராகச் சொல்லும் படங்கள்தான் விழாவுக்குக் கௌரவம். நேராகச் சொன்ன படத்துக்கு இந்த நாட்டில் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 2017இல் கானில் திரையிடப்பட்ட ஜூட் ரத்னத்தின் ஆவணப்படம், மறு வருடம் யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழாவின் நிகழ்ச்சி நிரலிலிருந்து எதிர்ப்பு வந்ததும் எடுக்கப்பட்டது. அந்தப் படத்தோடு உடன்படுகிறவர்களும் உண்டு, கடுமையாக மறுப்பவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் பார்த்துவிட்டுச் சண்டை பிடிக்கும் வாய்ப்புத்தான் பறிபோனது. இதற்கு மேலே 1912ஆம் ஆண்டின் அரங்காற்றுகைச் சட்டமும் தணிக்கைச் சபையும் இருக்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் யதார்த்தம் மட்டுமே துணிச்சல் என்று சொல்வது விளங்கவில்லை. சக்கரத்துக்குள்ளிருந்து ஒரு முனி எழுந்து பழைய கணக்கைக் கேட்டால், எந்தத் தொலைபேசி அழைப்பு அதை நிறுத்தச் சொல்லும்? சொல்கிறவர் முதலில் அந்த முனி தன்னைத்தான் கேட்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஆகவே குழுவினரே, பெரிதாக எதுவும் கேட்கவில்லை. உள்ளூர் விண்ணப்பங்களுக்குக் கட்டணத்தை எடுத்துவிடுங்கள். இரண்டு இரவில் ஓர் இரவின் கடைசிக் காட்சியைப் பேய்க்கும் துப்பறிவுக்கும் வேற்றுக்கிரகத்துக்கும் ஒதுக்குங்கள்; மண்டபம் நிரம்பாவிட்டால் அடுத்த வருடம் எடுத்துவிடலாம். அறிவித்தலின் கீழிருக்கும் அந்த முன்னுரிமை வரியை வெட்டுங்கள். ஒரு படத்தை நிராகரிப்பதானால் கடைசிவரை பார்த்துவிட்டு நிராகரியுங்கள். எந்த நிமிடத்தில் அது உங்களைக் கைவிட்டது என்று எடுத்த பிள்ளைக்குத் தமிழில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பசறையிலிருந்து ஒரு பார்வையாளர்